தண்ணீர்க் கேள்விகள்: பிள்ளைகளின் குளத்துக்கு எந்த ஃபில்டர்?

கேள்வி: அண்ணா, வணக்கம். கோடை லீவுக்காக வாசலில் வைக்க 10 அடி வட்டக் குளம் ஒன்று வாங்கினோம். சுற்றிலும் இரும்புக் குழாய், உள்ளே பிளாஸ்டிக் துணி. போர் தண்ணீரைத்தான் இரண்டடி உயரத்துக்கு நிரப்புகிறோம். மூன்றாம் நாளே கலங்கி, அடியில் கால் வழுக்க ஆரம்பித்துவிடுகிறது. அவ்வளவையும் கொட்டிவிட்டு மறுபடி நிரப்ப மனசு வரவில்லை. ஃபில்டர் விசாரித்தால், "மணல் ஃபில்டர் வாங்குங்க, ஆயுசுக்கும் வரும்" என்கிறார் கடைக்காரர். கார்ட்ரிட்ஜ் போதும் என்கிறார் என் கொழுந்தனார். விலை வித்தியாசமோ பல மடங்கு. பக்கத்திலேயே மாந்தோப்பு வேறு. எதை வாங்குவது?
— இரண்டு பிள்ளைகளின் அம்மா, காவேரிப்பட்டணம்

பதில்: கொழுந்தனார் சொன்னதையே கேளுங்கள் தங்கச்சி. மடிப்பு மடிப்பான தாள் உருளையில் தண்ணீரை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் ஃபில்டரையே வாங்குங்கள். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் சொல்வது பெரிய குளத்துக்கும், தண்ணீர் தாராளமாக உள்ள ஊருக்கும் பொருந்தும். உங்கள் வாசலுக்குப் பொருந்தாது.

முதலில் குளத்தில் எத்தனை லிட்டர் நிற்கிறது என்று பாருங்கள். 10 அடி வட்டத்தில் பாதி 5. ஐந்தை ஐந்தால் பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி, தண்ணீர் உயரம் 2 அடியால் பெருக்கினால் 157 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். ஆக சுமார் 4,400 லிட்டர். இந்த ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் யாரும் உங்களைக் குழப்ப முடியாது.

ஓசூர் பக்கம் ஒரு ஓட்டலில் 14 வருஷம் நீச்சல்குளத்து மோட்டார் அறையைப் பார்த்துக்கொண்டவன் நான். அங்கே இருந்தது மணல் ஃபில்டர்தான். மணலில் அழுக்கு சேரச் சேர அழுத்தமானியின் முள் ஏறும். சுத்தமாக இருந்தபோது காட்டியதைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) கூடினால், வால்வைத் திருப்பி, தண்ணீரைத் தலைகீழாக ஓட்டி, அழுக்கை வெளியே தள்ள வேண்டும். பேக்வாஷ் என்போம். மணிக்கு 4,000 லிட்டர் ஓடும் சின்ன மணல் ஃபில்டரில்கூட இரண்டு மூன்று நிமிஷ பேக்வாஷுக்கும், அப்புறம் மணலைப் படியவைக்க விடும் தண்ணீருக்கும் சேர்த்து 200, 250 லிட்டர் சாக்கடைக்குப் போகும். வாரத்துக்கு இரண்டு தடவை என்றால் 500 லிட்டர். உங்கள் குளத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல்! ஏப்ரல், மே மாதத்தில் போர் காற்றை இழுக்கும் ஊர்களில் இந்த 500 லிட்டரின் அருமை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கார்ட்ரிட்ஜைக் கழுவ மூன்று வாளி போதும். அந்தத் தண்ணீரும் வாழைக்குப் போகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மணல் ஃபில்டருக்கு எந்த மணலும் ஆகாது. கழுவிச் சலித்த, அரை மில்லிமீட்டர் அளவுள்ள சிலிக்கா மணல்தான் வேண்டும். நம் மாவட்டத்தில் கிரஷர் நிறைய, எம்-சாண்ட் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. அதை அள்ளிப் போட்டுவிட்டு, "ஃபில்டர் ஓடுது, தண்ணி மட்டும் சாம்பல் நிறமா இருக்கு" என்று என் கடைக்கு வந்தவர்கள் உண்டு. கல் தூள் அவ்வளவும் குளத்துக்கே திரும்பி வரும். 10,000 லிட்டரைத் தாண்டிய குளம், தினமும் பத்துப் பேர் இறங்குவார்கள், பேக்வாஷ் தண்ணீர் பாயத் தென்னை இருக்கிறது என்றால் மட்டும் மணல் ஃபில்டரை யோசிக்கலாம்.

சரி, கார்ட்ரிட்ஜிலும் எது? பெட்டியில் கேலன் கணக்குப் போட்டிருக்கும். 330 கேலன் என்றால் மணிக்கு சுமார் 1,250 லிட்டர். 530 என்றால் சுமார் 2,000. அது கார்ட்ரிட்ஜ் தடுக்காமல் பம்பு ஓடும்போது உள்ள கணக்கு. கார்ட்ரிட்ஜில் அழுக்கு படிந்தால் முக்கால் பங்குதான் கிடைக்கும். நீங்கள் 530 கேலன் வாங்குங்கள். உண்மையில் 1,500 லிட்டர் ஓடினாலும் மூன்று மணி நேரத்தில் குளம் முழுவதும் ஒரு சுற்று வந்துவிடும். காலையில் ஒரு சுற்று, பிள்ளைகள் ஏறிய பிறகு சாயங்காலம் ஒரு சுற்று. இன்டெக்ஸ் கம்பெனிப் பம்பில் 330-க்கு எச் வகை, 530-க்கு ஏ வகை கார்ட்ரிட்ஜ். எச் சின்னது, மாந்தோப்புத் தூசிக்கு ஒரே நாளில் அடைத்துக்கொள்ளும். குளத்து ஓட்டையின் அளவையும் பார்த்து வாங்குங்கள். 32 மில்லிமீட்டர் குழாய்க்கும் 38-க்கும் இடையில் மாற்று இணைப்பு தேவைப்படும். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த பம்பு என்றால் வோல்டேஜைப் படித்துப் பாருங்கள். அமெரிக்கப் பம்பு 120 வோல்ட். நம் 230-இல் செருகினால் அதோடு முடிந்தது.

கம்பெனிக்காரர்கள் இரண்டு வாரத்துக்கு ஒரு கார்ட்ரிட்ஜ் மாற்றச் சொல்வார்கள். நான் சொல்வது, முதலிலேயே இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். கழற்றியதும் உடனே கழுவுங்கள், காயவிடாதீர்கள். ஹோஸ் பைப்பைச் சரிவாகப் பிடித்து, மேலிருந்து கீழாக, ஒவ்வொரு மடிப்பாக விரலால் விரித்துவிட்டு அடிக்க வேண்டும். முதலில் செம்மண் நிறத்தில் வடியும். அப்புறம் மடிப்பின் அடியில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு வழவழவென்று விரலில் தட்டுப்படும். பிள்ளைகள் தலையில் வைத்த தேங்காய் எண்ணெய்தான் அது. பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்தால் விட்டுவிடும். பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், தாளில் பஞ்சு கிளம்பிவிடும்.

நம் போர் தண்ணீரின் உப்பு வேறு இருக்கிறது. பாத்ரூம் குழாயில் வெள்ளையாகப் படிவது கார்ட்ரிட்ஜிலும் படிந்து, மடிப்பு அப்பளம் மாதிரி விறைத்துப்போகும். சோப்பில் ஊறி அலசிய பிறகு, ஒரு வாளித் தண்ணீரில் 100 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்து அதில் போடுங்கள். நுரை பொங்கும், நுரை நின்றால் வேலை முடிந்தது. நன்றாக அலசிவிட்டுத்தான் திரும்பப் பொருத்த வேண்டும். எலுமிச்சை உப்போ ஆசிடோ ப்ளீச்சிங் பவுடரோடு சேரவே கூடாது. கிளம்பும் புகை நெஞ்சை அடைக்கும் விஷம்.

இனி சொல்லப்போவதுதான் முக்கியம். ஃபில்டர் அழுக்கைத்தான் பிடிக்கும், கிருமியைக் கொல்லாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பென்னாகரத்தில் என் அக்கா வீட்டில் இதே மாதிரி குளத்துக்கு நானே ஃபில்டர் மாட்டிக் கொடுத்தேன். அடியில் ஒரு ரூபாய்க் காசைப் போட்டால் அதில் உள்ள எழுத்து தெரியும், அவ்வளவு தெளிவு. மருந்து போட்டால் கண் எரியுமே என்று குளோரின் வேண்டாம் என்றார்கள், நானும் விட்டுவிட்டேன். பத்து நாளில் அக்கா பேரனுக்குக் காதில் சீழ். ராத்திரி முழுக்க அவன் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. ஓட்டலில் தினம் இரண்டு வேளை குளோரின் பார்த்த எனக்கு அது தெரியாமல் இல்லை. உறவுக்காரர்களிடம் கண்டிப்பாகச் சொல்லாமல் விட்டது என் தப்பு. அதனால் உங்களிடம் கண்டிப்பாகவே சொல்கிறேன்: குளோரின் போட முடியாது என்றால் ஃபில்டரும் வாங்காதீர்கள். தொட்டியில் அன்றன்றைக்குத் தண்ணீர் பிடித்துக் குளிக்கவைத்து, கொட்டிவிடுங்கள்.

குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்), பிஎச் என்கிற புளிப்பு-கார அளவு 7.2 முதல் 7.8 வரை இருக்க வேண்டும். பார்க்கச் சின்ன சோதனைப் பெட்டி கிடைக்கிறது, அதை ஃபில்டரோடு சேர்த்தே வாங்குங்கள். 33 சதவீத ப்ளீச்சிங் பவுடர் என்றால் உங்கள் 4,400 லிட்டருக்கு 2 பிபிஎம் வர சுமார் 27 கிராம். பழைய பவுடர் வீரியம் குறைந்திருக்கும். சோதித்துப் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள். நேராகத் தூவாதீர்கள். ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேல் தெளிவை மட்டும் ஊற்றி, பம்பை ஓடவிடுங்கள். வெயில் குளோரினைத் தின்றுவிடும், அதனால் சாயங்காலத்தில் போடுங்கள். மறுநாள் சோதித்துப் பார்த்து, அளவு சரியாக இருந்தால்தான் பிள்ளைகளை இறக்க வேண்டும். கேரளாவில் மூளையைத் தாக்கும் அமீபா பற்றிச் செய்தி படித்துப் பலரும் பயந்து எழுதுகிறார்கள். குளோரினே இல்லாத வெதுவெதுப்பான தண்ணீர்தான் அதற்கு இடம் கொடுக்கும். அளவைத் தினமும் பார்க்கிற வீட்டில் அந்தப் பயம் வேண்டாம்.

மாந்தோப்பு இலையையும் சருகையும் ஃபில்டர் தலையில் கட்டாதீர்கள். கொசுவலைத் துண்டைக் கம்பி வளையத்தில் தைத்து, மூங்கில் கழியில் கட்டிக்கொண்டால் இலை அரிக்க அது போதும். ராத்திரி மூடிவையுங்கள். கொசு முட்டையிடாது. ஆனால் சின்னப் பிள்ளைகள் தவறி விழுவதை அந்த மூடி தடுக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

கரண்ட் விஷயத்தில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதீர்கள். பம்புக்குப் போகும் லைனில் கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்க வேண்டும், எர்த் சரியாக இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் புல்லில் போட்டு ஓட்டக் கூடாது. பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது பம்பு ஓடவே கூடாது, பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். கரண்டுக்காக மட்டுமில்லை, உறிஞ்சும் ஓட்டையில் பெண் பிள்ளைகளின் முடி மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: ஐயா, எங்கள் மொட்டை மாடியில் 8 அடிக் குளம் வைத்து ஒன்றரை அடி தண்ணீர் நிரப்பலாம் என்றிருக்கிறோம். 1,000 லிட்டர் டேங்க் ஏற்கெனவே மேலேதான் நிற்கிறது. ஃபில்டரை எந்தப் பக்கம் வைப்பது?
— வாசகர், ஓசூர்

பதில்: குளமே மேலே வேண்டாம் தம்பி. 2,100 லிட்டர் வருகிறது, அதாவது இரண்டு டன்னுக்கு மேல். சதுர மீட்டருக்கு 450 கிலோவுக்குக் குறையாது. ஆட்கள் ஏறும் மொட்டை மாடிக்கு நம் கட்டுமான விதிகள் எடுத்துக்கொள்ளும் பாரம் சதுர மீட்டருக்கு 150 கிலோ. டேங்க்கை பொதுவாக பீமும் தூணும் தாங்கும் இடம் பார்த்து வைப்பார்கள். நீங்கள் சொல்லும் குளம் ஸ்லாபின் நடுவில் உட்காரும். இன்ஜினியர் நேரில் வந்து பார்த்து எழுதிக் கொடுக்காமல் ஒரு வாளிகூட ஊற்றாதீர்கள். கீழே கார் நிற்கும் இடத்தில் வையுங்கள்.

கேள்வி: எங்கள் போரில் ஃப்ளோரைடு அதிகம். பிள்ளைகள் குளிக்கும் குளத்துக்கு ஒகேனக்கல் தண்ணீர் நிரப்பலாமா? ஃபில்டர் ஃப்ளோரைடை எடுக்குமா?
— வாசகி, பாலக்கோடு

பதில்: எடுக்காது. கரைந்திருக்கும் எதையும் இந்த ஃபில்டர்கள் பிடிக்காது, உப்பும் அப்படித்தான். ஆனால் ஃப்ளோரைடு குடிப்பதால் வரும் கெடுதல், உடம்பில் பட்டுக் குளிப்பதால் வருவதில்லை. குளத்துத் தண்ணீரை வாயில் வைத்துக் கொப்பளிக்கும் பழக்கத்தை மட்டும் நிறுத்துங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்ததே, தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்துப் பிள்ளைகளின் பல்லும் எலும்பும் கெடக் கூடாது என்பதற்காகத்தான். அந்தத் தண்ணீரைக் குளத்தில் ஊற்றாதீர்கள் அம்மா, தெருக்கோடியில் குடத்தோடு நிற்பவர்களுக்கு அது குடிக்க வேண்டும்.

கேள்வி: நிரப்பும்போது பளிச்சென்று இருந்த தண்ணீர், ப்ளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றியதும் டீ மாதிரி ஆகிவிட்டது. பவுடர் கெட்டதா?
— வாசகர், அரூர்

பதில்: பவுடர் நல்லதுதான். உங்கள் போரில் இரும்பு இருக்கிறது. கரைந்து கிடந்த இரும்பு, குளோரின் பட்டதும் துருவாகி வெளியே வருகிறது. துருவாகிவிட்டால் ஃபில்டர் அதைப் பிடிக்கும். பிள்ளைகளை இறக்காமல் பம்பைத் தொடர்ந்து ஓடவிட்டு, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கார்ட்ரிட்ஜைக் கழற்றி அலசுங்கள். ஓரிரு நாளில் தெளிந்துவிடும். அடுத்த முறை நிரப்பும் முன் ஒரு வெள்ளை வாளியில் போர் தண்ணீர் பிடித்து, ஒரு சிட்டிகை பவுடர் போட்டு ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். எவ்வளவு பழுப்பாகிறதோ அதை வைத்து எத்தனை முறை அலச வேண்டியிருக்கும் என்று தெரிந்துவிடும். துரு ஏறிய கார்ட்ரிட்ஜைத் தூக்கிப் போடாதீர்கள். குளோரின் போக நன்றாக அலசிவிட்டு, மேலே சொன்ன எலுமிச்சை உப்புத் தண்ணீரிலேயே ஒரு ராத்திரி ஊறவையுங்கள், பெரும்பாலும் கழன்றுவிடும்.