வாசகர் கேள்வி பதில்: பாங்காக் தெருக்கடையில் மேங்கோ ஸ்டிக்கி ரைஸ்

கேள்வி: சித்திரை விடுமுறையில் குடும்பத்தோடு பாங்காக் போகிறோம். தெருவுக்குத் தெரு மேங்கோ ஸ்டிக்கி ரைஸ் கடை இருக்குமாமே, நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: இனிப்புத் தேங்காய்ப்பாலில் ஊறிய ஒட்டும் அரிசிச் சாதத்தை மாம்பழத்தோடு தருவதுதான் மேங்கோ ஸ்டிக்கி ரைஸ். மாம்பழத்தை விடுங்கள், முதலில் சாதத்தைப் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் அங்கே மாம்பழ சீசன். மஞ்சள் தோலும் கூரான நுனியுமாக நீண்டிருக்கும் "நாம் டோக் மை" என்ற மாம்பழ ரகம் பெரும்பாலான கடைகளில் நன்றாகவே இருக்கும். கடைக்குக் கடை மாறுவது சாதம்தான். அது பளபளவென்று, பருக்கை பருக்கையாகத் தெரிய வேண்டும். கரண்டியில் எடுத்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வர வேண்டும். மூடி வைத்த பெரிய பாத்திரத்திலிருந்து, நீங்கள் கேட்ட பிறகு எடுத்து வைத்து, பழத்தையும் கண்ணெதிரே சீவித் தருகிற கடையில் தைரியமாக வாங்கலாம். முன்பே டப்பாவில் அடைத்துக் குளிர்பெட்டியில் அடுக்கியிருந்தால் நகர்ந்துவிடுங்கள். குளிரில் சாதம் விறைத்துப் போயிருக்கும்.

தேங்காய்ப்பால் தனியாகச் சின்னப் பையிலோ கிண்ணத்திலோ வரும். அதில் உப்பு தூக்கலாக இருந்தால் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். இனிப்புச் சாதத்துக்கும் பழத்துக்கும் நடுவே அந்த உப்பு வேண்டும். மேலே தூவுவது மொறுமொறுவென வறுத்த பாசிப்பருப்பு. நீலச் சாதம் சங்குப்பூவால் வந்தது, சுவையில் பெரிய மாற்றம் இருக்காது.

ஒரு தட்டு பெரும்பாலும் 100 முதல் 150 பாட் (தாய்லாந்து நாணயம்). தோங் லோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மே வாரி பழக்கடை ரொம்பப் பிரபலம், விலையும் கூடுதல். மாலைக்குமேல் சைனாடவுன் பகுதியின் யாவரத் தெருவில் சுற்றினால் மற்ற பலகாரங்களையும் பார்க்கலாம். ஒன்றைக் கவனியுங்கள்: நம் தமிழ்ப் புத்தாண்டு சமயத்தில், ஏப்ரல் 13 முதல் 15 வரை அங்கே சொங்க்ரான் என்ற அவர்களுடைய புத்தாண்டுப் பண்டிகை. கடைக்காரர்கள் பலர் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். முடிந்தால் அதற்கு முன்போ பின்போ போங்கள்.

கேள்வி: நாங்கள் முட்டைகூடச் சாப்பிடாத சைவம். அங்கே எந்த இனிப்பை நம்பி வாங்கலாம்?
– வாசகர், திருவல்லிக்கேணி

பதில்: மேங்கோ ஸ்டிக்கி ரைஸில் அரிசி, தேங்காய்ப்பால், சர்க்கரை, உப்பு, பழம், பருப்பு, அவ்வளவுதான். அடுத்து கனோம் க்ரோக். நம் குழிப்பணியாரச் சட்டி போன்ற இரும்புச் சட்டியில் அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் ஊற்றி, ஓரம் முறுகியதும் இரண்டிரண்டாகச் சேர்த்துத் தருவார்கள். மேலே சோளமோ வெங்காயத்தாளோ இருக்கும். சுடச்சுட வாயில் போட்டால் உள்ளிருக்கும் பால் நாக்கைச் சுட்டுவிடும், ஆறவிட்டுச் சாப்பிடுங்கள்.

கனோம் புவாங் என்ற மடித்த மொறுமொறு அப்பத்தைத் தவிர்த்துவிடுங்கள். உள்ளே தடவும் வெள்ளைக் க்ரீமில் முட்டை வெள்ளைக்கருவும், மேலே வைக்கும் மஞ்சள் நூலில் மஞ்சள்கருவும் சேரும். உப்புச்சுவை வகையில் இறால்கூட இருக்கும். ஸ்டிக்கி ரைஸ்மேல் வைத்துத் தரும் சங்காயா கஸ்டர்டும் முட்டைதான். ரொட்டிக் கடையில் "மை சை கை" என்றால் மேலே முட்டை ஊற்றாமல் தருவார்கள், ஆனால் மாவிலேயே முட்டை சேர்ந்திருக்கலாம், முட்டை போட்டுச் சுடும் கல்லும் அதே கல். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் "ஜே" (கடுமையான சைவம்) என்று தொங்கும் கடைகளில் முட்டை, பால் மட்டுமல்ல, வெங்காயம், பூண்டும் கிடையாது.

கேள்வி: மேங்கோ ஸ்டிக்கி ரைஸை வீட்டில் செய்து பார்த்தேன். ஒருமுறை கஞ்சியாகிவிட்டது, மறுமுறை பால் கீழே தேங்கிச் சாதம் சப்பென்றிருந்தது. என்ன தவறு?
– வாசகி, பெரம்பூர்

பதில்: முதல்முறை தண்ணீரில் வேகவைத்திருப்பீர்கள். இந்த அரிசியில் அமைலோஸ் என்ற மாவுச்சத்து அநேகமாக இல்லை, ஒட்டவைக்கும் அமைலோபெக்டின் என்ற மாவுச்சத்துதான் முழுக்க. தண்ணீரில் கொதித்தால் குழைந்துவிடும், ஆவியில்தான் வேக வேண்டும். பொன்னியோ சீரகச் சம்பாவோ இதற்கு ஆகாது. வெளிநாட்டு மளிகை விற்கும் கடைகளில் ஸ்டிக்கி ரைஸ் என்றே கேளுங்கள்.

250 கிராம் அரிசியைத் தண்ணீர் தெளியும்வரை களைந்து, இரவு முழுக்க ஊறவைத்து வடித்துவிடுங்கள். இட்லிப் பானையில் ஈரத்துணி விரித்து அரிசியைப் பரப்பி, நடுவே ஆவி ஏறச் சின்னக் குழி விட்டு, 20 முதல் 25 நிமிடம். மூடியில் துணி கட்டினால் வேர்த்த தண்ணீர் சொட்டாது. ஒரு பருக்கையை நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியக்கூடாது.

அரிசி வெந்து முடியும்போதே 250 மில்லி கெட்டித் தேங்காய்ப்பால், 100 கிராம் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பைச் சேர்த்து, கரையும் அளவுக்கு மட்டும் சூடாக்குங்கள். தளதளவெனக் கொதித்தால் எண்ணெய் பிரிந்துவிடும். சாதம் அடுப்பிலிருந்து இறங்கிய நொடியில், பாலும் சூடாக இருக்கும்போதே ஊற்றிக் கிளறி மூடுங்கள். இரண்டாம்முறை உங்களுக்குத் தவறியது இங்கேதான்: ஆறிய சாதம் பாலைக் குடிக்காது. முதலில் சாதம் பாலில் மிதப்பதுபோல் இருக்கும், கூடுதலோ என்று வடித்துவிடாதீர்கள். 20 நிமிடம் கழித்து ஒருமுறை மெல்லக் கிளறி, இன்னொரு 20 நிமிடம் விட்டால் முழுவதும் உள்ளே போயிருக்கும்.

மேலே ஊற்ற 120 மில்லி தேங்காய்ப்பால், கால் டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் அரிசிமாவு சேர்த்துக் காய்ச்சுங்கள். பழத்துக்குப் பங்கனப்பள்ளி போதும், நாரில்லாமல் வில்லை வில்லையாக வரும். இமாம் பசந்த் மணமாக இருந்தாலும் குழைந்துவிடும்.

செட்டிநாட்டுக் கவுனி அரிசியும் ஒட்டும் ரகம்தான். அதன் கறுப்புத் தவிடு பாலை எளிதில் உள்ளே விடாது, வேகவும் நேரமாகும். கால் பங்கு கவுனியைத் தனியாக ஊறவைத்து, முன்கூட்டியே வேகவிட்டு வெள்ளையோடு கலந்தால் நன்றாக வரும்.

கேள்வி: பாங்காக்கிலிருந்து ஒரு பொட்டலம் மேங்கோ ஸ்டிக்கி ரைஸ் வாங்கி வந்து வீட்டில் கொடுக்கலாமா?
– வாசகர், குரோம்பேட்டை

பதில்: வேண்டாம். அந்த வெயிலில் தேங்காய்ப்பால் சில மணி நேரத்தில் புளித்துவிடும், ஃப்ரிட்ஜில் வைத்தால் சாதம் கல்லாகிவிடும். அப்படி விறைத்த சாதத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்து மூடி ஆவியில் வைத்தால் ஓரளவு இளகும், ஆனால் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.