மதினி சொன்னதும் மருத்துவம் சொல்வதும்

கேள்வி: எங்க வீட்டுக்காரருக்கு வயது 46. குடல் வீங்கிப் புண்ணாகும் க்ரோன் நோய் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அடைப்பு வந்து, அதை வெட்டி எடுத்தார்கள். இப்போது ஸ்கேனில் பித்தப்பையில் கல் என்று வந்திருக்கிறது. வலி இல்லை. 'தேங்காய்ப்பால் சொதியா ஊத்தி ஊத்திச் சாப்பிட்டா கல்லு வராம என்ன செய்யும்?' என்கிறார் மதினி. தினமும் வாழைத்தண்டுச் சாறு கொடுக்கிறேன். கரையுமா டாக்டர்?
- ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: சொதி மேல் பழி போட வேண்டாம் அம்மா. வெட்டி எடுத்த அந்தக் குடல்தான் விஷயமே. கல்லீரல் அனுப்பும் பித்த உப்பு, கொழுப்பைச் செரிக்க வைத்த பிறகு வீணாவதில்லை. சுமார் 95 சதவீதம் அந்தக் கடைசிப் பகுதியில்தான் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்புகிறது. அந்த இடம் புண்ணாகிக் கிடந்தாலோ, வெட்டப்பட்டாலோ உப்பு மலத்தோடு போய்விடும். பித்தநீரில் கொலஸ்ட்ராலைக் கரைத்து வைத்திருப்பது இந்த உப்புதான். அது குறைந்தால், பதம் தப்பிய பாகில் சீனி பூப்பது மாதிரி கொலஸ்ட்ரால் படிந்து கல்லாகும். க்ரோன் உள்ளவர்களுக்குக் கல் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெருங்குடலை மட்டும் பிடிக்கிற அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் அவ்வளவு கூடுவதில்லை.

நோய் பல வருடம் இழுத்திருந்தாலும், அடிக்கடி கிளம்பினாலும் ஆபத்து கூடும். ஆஸ்பத்திரியில் வாய்வழி ஒன்றும் கொடுக்காமல் நரம்பு வழியே மட்டும் வாரக்கணக்கில் சத்து ஏற்றினார்களா? சாப்பாடு உள்ளே போனால்தான் பித்தப்பை சுருங்கும். இல்லையென்றால் பித்தநீர் தேங்கிக் கெட்டியாகும். சட்டென்று எடை குறைவதும் ஒரு காரணம்.

வாழைத்தண்டு நம் ஊரில் சிறுநீரகக் கல்லுக்குக் குடிப்பது. பித்தக்கல்லை அது கரைக்காது. குடலில் இன்னும் சுருக்கம் இருந்தால் தண்டைப் பொரியலாகவும் போடாதீர்கள், நார் அடைத்துக்கொள்ளும்.

வலி இல்லாத கல்லுக்குப் பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது. ஆனால் க்ரோன்காரர்கள் எந்த வயிற்றுவலியையும் 'பழைய வலிதான்' என்று பொறுத்துக்கொள்வார்கள், அதுதான் எனக்குக் கவலை. சாப்பிட்டபின் வலது விலாவுக்குக் கீழே பிடித்து, தோள்பட்டைக்கு ஏறினால் அது வேறு வலி. கூடவே காய்ச்சல், நடுக்கம், கண்ணில் மஞ்சள் என்றால் விடியட்டும் என்று இருக்காமல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.

அப்புறம் ஒன்று. பி12 சத்தும் அதே குடல் பகுதியில்தான் உறிஞ்சப்படுகிறது. கை கால் மரத்துப்போகிறது, அசதி என்று சொல்கிறாரா? சொல்லாவிட்டாலும் அடுத்த முறை ரத்தம் எடுக்கும்போது அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.