மண்சட்டி, தீயல் அரைப்பு, சம்பா அரிசி: எந்தச் சாதனம் வாங்கலாம்?

கேள்வி: எங்கள் வீட்டில் மீன் குழம்பு மண்சட்டியிலும் அவியல் வெண்கல உருளியிலும்தான் வைப்போம். கேஸ் செலவைக் குறைக்க இன்டக்‌ஷன் அடுப்பு வாங்க நினைக்கிறோம். எல்லாப் பாத்திரமும் வைக்கலாம் என்று கடையில் சொல்கிறார்கள். நம்பலாமா? (வாசகி, கருங்கல்)

பதில்: நம்ப வேண்டாம். இன்டக்‌ஷன் அடுப்பு தானாகச் சூடாவதில்லை. கண்ணாடித் தட்டுக்கு அடியில் இருக்கும் செம்புக் கம்பிச் சுருள் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்க, அது பாத்திரத்தின் அடியிலுள்ள இரும்பில் மின்னோட்டத்தைத் தூண்டி அந்தப் பாத்திரத்தையே சூடாக்குகிறது. ஆகவே மண், வெண்கலம், பித்தளை, அலுமினியம் ஆகிய எதையும் அதில் வைத்துப் பயனில்லை. அடுப்பு சத்தம் கொடுத்துவிட்டு நின்றுவிடும். கடைக்குப் போகும்போது ஒரு சிறு காந்தத்தைக் கையோடு கொண்டுபோங்கள். அடியில் அது கெட்டியாக ஒட்டினால் மட்டுமே அந்தப் பாத்திரம் ஆகும். எவர்சில்வர் என்றாலே ஒட்டும் என்றும் எண்ணிவிடாதீர்கள், நல்ல எவர்சில்வர் பலவற்றில் காந்தம் ஒட்டுவதில்லை.

கடைக்காரர் ஒருவேளை இன்ஃப்ராரெட் அடுப்பை மனத்தில் வைத்துச் சொல்லியிருக்கலாம். அதில் அடியிலுள்ள கம்பி பழுத்துக் கண்ணாடியைச் சூடாக்குவதால் எந்த உலோகமும் ஆகும். ஆனால் அடி தட்டையாக இருக்க வேண்டும். நம் மண்சட்டியின் அடி உருண்டை. நடுவில் மட்டும் தொட்டு நிற்கும் சட்டிக்குச் சூடு ஒரே இடத்தில் ஏறுவதால் கீறல் விழ வாய்ப்பு அதிகம். அணைத்த பிறகும் வெகுநேரம் அந்தக் கண்ணாடி கொதிக்கும் என்பதால், சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் கூடுதல் கவனம் வேண்டும்.

மண்சட்டியையும் உருளியையும் கேஸ் அடுப்பிலேயே விட்டுவிட்டு, வெந்நீர், பால், மரச்சீனிக் கிழங்கு அவிப்பது, புட்டு அவிப்பது போன்ற வேலைகளை இன்டக்‌ஷனுக்கு மாற்றுங்கள் என்பதே என் யோசனை. செலவில் கணிசமான பங்கு இந்த வேலைகளில்தான் போகிறது. அலுமினியப் புட்டுக்குடம் இதில் ஆகாது. காந்தம் ஒட்டும் அடியுள்ள குக்கரின் ஆவித்துளையில் புட்டுக்குழலைப் பொருத்திக்கொள்ளலாம். 2000 வாட் அடுப்பு ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும் என்பதால் 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் கட்டாயம் வேண்டும். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உள்ளவர்களுக்கு இன்னொன்று: அடுப்புக்குள் இருக்கும் விசிறி உப்புக் காற்றையும் உள்ளே இழுப்பதால் மின்சுற்றுப் பலகை சீக்கிரம் அரிக்கப்படும். கடலைப் பார்த்த ஜன்னலடியில் அடுப்பை வைக்காதீர்கள்.

கேள்வி: தீயலுக்கு வறுத்த தேங்காயை அரைத்தால் மிக்சி சூடாகி நின்றுவிடுகிறது. 1000 வாட் வாங்கினால் சரியாகுமா? (வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: வாட் மட்டும் போதாது. தேங்காயும் உள்ளியும் மல்லியும் கறுக்க வறுபட்டு, எண்ணெய் பிரியும் வரை அரைபட வேண்டிய தீயல் அரைப்பு, மிக்சிக்குக் கொடுக்கும் வேலைகளிலேயே கடினமானவற்றுள் ஒன்று. வெளிநாட்டு மிக்சிகள் இதற்காகச் செய்யப்பட்டவையல்ல. அவை நம் சமையலுக்குத் தாங்காமல் எரிந்ததைப் பார்த்துத்தான் 1960களில் சத்ய பிரகாஷ் மாத்தூர் வலுவான மோட்டாருடன் சுமீத் மிக்சியை உருவாக்கினார். இன்று விற்பவை ஏறக்குறைய எல்லாமே அந்த வழியில் வந்தவை. ஆனாலும், பழச்சாறு ஜாரையும் பளபளக்கும் பொத்தான்களையும் கூட்டிக்கொண்டே போகும் நிறுவனங்கள், ஒரு கைப்பிடி அரைப்பை ஒழுங்காக அரைக்கும் சிறிய ஜாரில் காட்டும் அக்கறை குறைவு என்பது என் மனக்குறை.

ஆகவே கடையில் முதலில் சின்ன ஜாரைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பிளேடு அடியோடு ஒட்டித் தாழ்வாக இருக்கிறதா, அடி குறுகலாக இருக்கிறதா, மூடி ரப்பரோடு கெட்டியாக உட்காருகிறதா என்று கவனியுங்கள். பிளேடு உயரமாக இருந்தால் நான்கு பேருக்கான அரைப்பு சுவரில் ஒட்டிக்கொள்ள, மோட்டார் வெறுமனே சுற்றும். அவியலுக்குத் தேங்காயை ஒன்றிரண்டாகச் சதைக்க, விட்டுவிட்டு ஓட்டும் பல்ஸ் வசதி உள்ளதா என்றும் பாருங்கள்.

சூடாகி நிற்பது பெரும்பாலும் பழுதல்ல. அடியில் உள்ள சிவப்புப் பொத்தான், மோட்டார் எரியாமல் காக்க மின்சாரத்தைத் துண்டிக்கிறது. ஆறிய பிறகு அதை அழுத்தினால் மீண்டும் ஓடும். வறுத்ததை நன்றாக ஆறவிட்டு, முதலில் தண்ணீரில்லாமல் பல்ஸில் பொடித்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, இடையிடையே நிறுத்தி அரையுங்கள். இப்படிச் செய்தால் 750 வாட் மிக்சியே ஒரு குடும்பத்துக்குப் போதும். அப்போதும் அடிக்கடி நின்றால் சர்வீஸுக்குக் கொடுங்கள்.

கேள்வி: எலக்ட்ரிக் ரைஸ் குக்கரில் சிவப்புச் சம்பா அரிசி வேகுமா?

பதில்: வேகும், ஆனால் வடித்த சோறாக வராது. 1955இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த தானியங்கி ரைஸ் குக்கர், அரிசி தண்ணீரை முழுவதும் உறிஞ்சும் முறைக்காக அமைந்தது. தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 பாகையைத் தாண்டாது, வற்றியதும் சூடு ஏற, அது தானே அணையும். சம்பாவை ஊறவைத்து, கூடுதல் தண்ணீர் விட்டால் வெந்துவிடும். இரவில் கஞ்சியும் பயறும் சாப்பிடுவீர்கள் என்றால், தண்ணீர் வற்றாமல் இருக்க வேண்டிய கஞ்சிக்கு ரைஸ் குக்கர் தேவைப்படாத செலவு.

கேள்வி: வாங்கிய மாதத்திலேயே மிக்சியின் கப்ளர் உடைந்தது. வாரன்டியில் வராது, சர்வீஸ் சென்டருக்குப் போங்கள் என்கிறார் கடைக்காரர். என்ன செய்வது? (வாசகி, தக்கலை)

பதில்: ஜாரையும் மோட்டாரையும் இணைக்கும் கப்ளர் தேயும் பொருள் என்பதால் பல வாரன்டி அட்டைகளில் விலக்கப்பட்டிருக்கும், உங்கள் அட்டையை முதலில் படியுங்கள். ஆனால் ஒரே மாதத்தில் உடைவது தேய்மானமல்ல, குறைபாடு என்று நீங்கள் வாதிடலாம். பில், தேதியிட்ட வாரன்டி அட்டை, உடைந்த கப்ளரின் படம் ஆகியவற்றுடன் கடைக்கும் நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் அனுப்பி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் பதிவு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் இடத்திலேயே தொடுக்கலாம். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. சர்வீஸ் சென்டரில் கொடுத்தால், தேதியும் பழுதும் குறித்த ஜாப் ஷீட் வாங்காமல் மிக்சியை விட்டுவிட்டு வராதீர்கள்.