தேயிலை ஏற்றுமதி சாதனை என்கிறார்கள், நீலகிரிக்காரர்கள் மட்டும் ஏன் நஷ்டம் என்றே சொல்கிறார்கள்?

கேள்வியைப் படித்ததும் கொஞ்சம் சுருக்கென்றது, அதனால்தான் எழுதுகிறேன். கேட்டவர் கோவைப் பக்கம் வேலை பார்ப்பவர், வார இறுதியில் கோத்தகிரி வந்து பச்சைப் பசேலென்ற சரிவைப் பார்த்துவிட்டு ‘ஒரு ஏக்கர் வாங்கிப் போட்டால் என்ன’ என்று யோசிக்கிறவர் என்று நானே வைத்துக்கொள்கிறேன்.

செய்தி பொய் இல்லை. 2024இல் இந்தியாவின் தேயிலை ஏற்றுமதி 25 கோடி கிலோவைத் தாண்டியது. ஆனால் ஈராக் மாதிரி நாடுகள் அள்ளிக்கொண்டு போவது ஆர்த்தடாக்ஸ், அதாவது சுருள் சுருளாக இருக்கும் இலைத் தேயிலை. எங்கள் ஹட்டியை, அதாவது எங்கள் மலைக் கிராமத்தைச் சுற்றி சிறு விவசாயிகளின் இலையை வாங்கும் ஃபேக்டரிகளில் பெரும்பாலும் ஓடுவது சி.டி.சி. மெஷின், இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிக் குருணைத் தூளாக்குவது. அந்தத் தூள் குன்னூர் ஏலத்துக்குப் போய், அதில் பெரும்பகுதி நம் நாட்டு டீக்கடைகளிலேயே கொதிக்கிறது. பாக்தாத்தில் விலை ஏறினால் எங்கள் சாக்குக்குள் ஒன்றும் விழாது.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே பச்சை இலை வேண்டும். தேயிலை வாரியத்தின் பங்கீட்டுக் கணக்குப்படி தூள் விற்ற பணத்தில் 65 சதவீதம் இலைக்காரருக்கு, 35 ஃபேக்டரிக்கு. தூள் நூறு ரூபாய்க்குப் போனால் 65 ரூபாய், அதை நாலேகால் நாலரையால் வகுத்தால் கிலோ இலைக்கு பதினைந்து ரூபாயைச் சுற்றி நிற்கும். 2023இல் கோத்தகிரி நட்டக்கல்லில் விவசாயிகள் நாள்கணக்கில் உண்ணாவிரதம் இருந்து கேட்டது கிலோ இலைக்கு 33 ரூபாய்க்கு மேல். இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் தூள் 215, 230க்குப் போக வேண்டும். சி.டி.சி. தூளுக்கு அந்த விலையை யார் தருவார்கள்? கோரிக்கை தப்பு என்று சொல்லவில்லை, ஆள் கூலி, உரம், வண்டி வாடகை எல்லாம் சேர்த்தால் அவ்வளவு ஆகத்தான் செய்கிறது. இந்தக் கணக்குக்குள் அது அடங்காது என்கிறேன், அவ்வளவுதான்.

“தரமான இலை போடுங்கள், விலை தானாக வரும்” என்று கீழே ஒருவர் எழுதுவார், தெரியும். ஐயா, போட்டுப் பார்த்தாயிற்று. ஒரு ஆர்த்தடாக்ஸ் ஃபேக்டரி, பெயர் வேண்டாம், இரண்டு இலை ஒரு கொழுந்தாகக் கொடுத்தால் கிலோவுக்குக் கூடுதலாகத் தருகிறோம் என்றார்கள். இலை வெட்டும் கத்திரியை ஓரமாக வைத்துவிட்டு கையாலேயே கிள்ளினோம். கத்திரியில் மூன்று சாக்கு வருகிற இடத்தில் கையில் ஒரு சாக்குதான் வரும், கூலி மட்டும் அப்படியே. முதல் சில வாரம் பணம் சரியாக வந்தது, மறைக்கவில்லை. அப்புறம் மே மாதம் மழை விழுந்து, எல்லார் தோட்டத்திலும் ஒரே நேரத்தில் கொழுந்து பொங்கியது. அன்று சாயங்காலம் இலை வண்டியில் வந்த எடைக்காரப் பையன் சாக்கைத் தராசில் மாட்டவே இல்லை. “அண்ணா, இன்னிக்கு கோட்டா முடிஞ்சு போச்சு, நாளைக்குப் பார்க்கலாம்” என்றான். கோட்டா என்றால் ஒரு ஆளிடம் இவ்வளவு கிலோதான் எடுப்போம் என்று ஃபேக்டரி வைக்கும் அளவு. நாளைக்கு எப்படிப் பார்ப்பது? அழுத்தி அடைத்த சாக்குக்குள் கையை விட்டுப் பாருங்கள், காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுடும். ராத்திரியோடு காம்பு சிவந்து, காலையில் புளிச்ச வாடை வந்துவிடும். பக்கத்து சி.டி.சி. ஃபேக்டரிக்கு ஃபோன் போட்டால் அங்கேயும் கோட்டா. கடைசியில் ஒரு ஏஜெண்ட் வந்து அடிமாட்டு விலைக்கு எடுத்தார், அதிலும் மழைத் தண்ணீர் என்று கிலோ கழித்துக்கொண்டார். இலையை விற்பவன் பேரம் பேச முடியாது, அவனுக்கு ஒரு ராத்திரிகூடக் கையில் இல்லை. தூளாக்கியவரோ இந்த வாரம் ஏலத்தில் விலை பிடிக்காவிட்டால் அடுத்த வாரம் பார்ப்பார்.

எல்லா ஃபேக்டரியும் அப்படி என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். 1960களிலிருந்தே கூட்டுறவு ஃபேக்டரிகள் இங்கே இருக்கின்றன, அவற்றின் கூட்டமைப்பான இண்ட்கோசர்வ் இருக்கிறது, எங்கள் அப்பா அதில் உறுப்பினர்தான். ஆனால் வாங்குகிற இடம் ஒன்றையே நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பது அப்பா தலைமுறைக்கு நன்றாகவே தெரியும். சோவியத் வாங்கிய காலத்தில் எப்படிப் பறித்தாலும் போனது, அதை நம்பி உருளைக்கிழங்கு நிலத்தையெல்லாம் தேயிலையாக்கினார்கள். 1998இல் இரட்டை இலக்கத்தில் விற்ற இலை, 2000 வாக்கில் ஐந்து ரூபாயைத் தொடவே திணறியது. மாவட்ட மக்கள்தொகை 2001இல் 7.62 லட்சம், 2011இல் 7.35 லட்சம். வளர்ச்சி வளர்ச்சி என்கிறீர்களே, வளர்கிற ஊரைவிட்டு ஆள் ஏன் இறங்குகிறான்?

இறங்கியவர்களில் நானும் ஒருவன், சில வருடம் கோவையில் இருந்தேன். அங்கே வாங்கியதால் என் காரின் நம்பர் டி.என். 38. இதற்கும் கேள்விக்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு ஏறும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்ததே, டி.என். 43, அதாவது நீலகிரிப் பதிவு என்றால் உள்ளூர் வண்டி, கேள்வி கிடையாது. நான் பிறந்து வளர்ந்த மலைக்கு ஏறும்போது சோதனைச் சாவடியில் ஒருவர் கண்ணாடியைத் தட்டி “சார், டூரிஸ்ட்டா? எந்த லாட்ஜ்?” என்கிறார். ஆதார் கார்டை எடுத்துக் காட்டினால் அதைப் பார்த்துவிட்டு நம்பர் பிளேட்டைத்தான் நம்புகிறார். பின்சீட்டில் அம்மா ஆஸ்பத்திரி ஃபைலோடு உட்கார்ந்திருக்கிறாள். கூட்டத்தைக் கட்டுப்படுத்தட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது?

சரி, உங்கள் ஒரு ஏக்கருக்கு வருகிறேன். புரோக்கர் காட்டும் ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தை மடித்து வைத்துவிடுங்கள். வாரியம் மாதாமாதம் பச்சை இலைக்கு அறிவிக்கும் குறைந்தபட்ச விலையை இரண்டு வருடத்துக்கு எடுத்துப் பாருங்கள். அந்த நிலத்துக்குப் பக்கத்து ஃபேக்டரியில் மே, ஜூனில் ஒரு ஆளுக்கு எத்தனை கிலோ கோட்டா என்று அங்கே இலை போடுகிறவரிடம் கேளுங்கள். புரோக்கரிடம் கேட்காதீர்கள்.