தரவு மையத்துக்கு நிலம் கேட்கிறார்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பாகூர் அருகே எங்கள் குடும்பத்துக்குச் சேர்ந்தாற்போல் ஒன்பது ஏக்கர் நிலம் இருக்கிறது. இணையச் சேவைகளுக்கான கணினிகளை ஓரிடத்தில் குவித்து இயக்கும் 10 மெகாவாட் தரவு மையம் அமைக்கப்போவதாகச் சொல்லி ஒரு நிறுவனம் 30 ஆண்டுக் குத்தகைக்குக் கேட்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம், கடலூர் மாவட்டத்திலும் ஓர் இடம் பார்த்து வைத்திருக்கிறார்களாம். முன்பணம் வாங்கலாமா? எதையெல்லாம் விசாரிக்க வேண்டும்?
– பாகூர் கொம்யூன் வாசகர்

பதில்: முன்பணத்தைத் தொடுவதற்கு முன் அவர்களிடம் ஒரு காகிதத்தைக் கேளுங்கள். இந்த இடத்துக்கு இத்தனை மெகாவாட் மின்சாரத்தை, இன்ன துணை மின்நிலையத்திலிருந்து, இன்ன மின்னழுத்தத்தில், இத்தனை மாதங்களுக்குள் தர இயலும் என்று புதுச்சேரி மின்துறை எழுத்தில் கொடுத்த ஒப்புதல்தான் அது. விண்ணப்பம் கொடுத்ததற்கான ரசீது அதற்கு ஈடாகாது. கட்டடத்தைப் பணம் செலவழித்து விரைவாக எழுப்பிவிடலாம். ஆனால், துணை மின்நிலையத்தில் மின்மாற்றியின் திறன் போதாமல் போனாலோ, புதிய உயரழுத்தத் தடத்தை வயல்களின் மேல் கொண்டுவர வேண்டியிருந்தாலோ, ஒவ்வொரு கோபுரத்துக்கும் இழப்பீட்டுப் பேச்சு, எதிர்ப்பு, சில இடங்களில் வழக்கு என்று ஆண்டுகள் ஓடிவிடும். அந்த ஒப்புதல் இல்லாமல் நிலத்தைப் பிடித்து வைப்பவர் தரவு மையம் கட்ட வந்தவராகவும் இருக்கலாம், நிலத்தை வேறொருவருக்குக் கைமாற்றி லாபம் பார்க்க வந்தவராகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துக் காட்டுவது அந்தக் காகிதம்தான்.

10 மெகாவாட் என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் கணினிகள் மட்டும் இழுக்கும் மின்சாரம். குளிர்விப்பு, யூபிஎஸ் இழப்பு, விளக்கு, பம்பு எல்லாவற்றையும் சேர்த்தால் நம் ஊர் வெப்பத்தில் அது 15 மெகாவாட்டைத் தொடக்கூடும். 15 மெகாவாட் ஆண்டு முழுவதும் ஓடினால் செலவாவது 13 கோடி யூனிட்டுக்கும் மேல். மாதம் 200 யூனிட் செலவிடும் வீடுகள் ஏறத்தாழ 55 ஆயிரத்துக்குப் போதுமான மின்சாரம் அது. ஆகவே, இரண்டு வழித்தடங்களில் மின்சாரம் வருகிறது என்று அவர்கள் சொன்னால், அவ்விரண்டும் எங்கே தொடங்குகின்றன என்று கேட்க வேண்டும். வெவ்வேறு துணை மின்நிலையங்களிலிருந்து வந்தாலும், அவற்றுக்கு மேலே உள்ள பெரிய நிலையம் ஒன்றேயானால் அங்கே ஏற்படும் ஒரே பழுது இரண்டையும் அணைத்துவிடும். அயர்லாந்தில் 2023-ஆம் ஆண்டில், அளவிடப்பட்ட மின்நுகர்வில் 21 விழுக்காடு தரவு மையங்களுக்குப் போயிற்று; டப்ளின் பகுதியில் புதிய இணைப்புகளே கிட்டாத நிலை உண்டானது. மின்கட்டமைப்பில் இடமில்லை என்றால் நிலத்தின் விலை எதையும் தீர்மானிப்பதில்லை.

அடுத்தது வெள்ளம். இதில் நிறுவனத்தின் ஆலோசகர்களைவிட உங்களுக்கே அதிகம் தெரியும். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அதைவிடக் கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது. சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிடப்பட்ட தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கிவந்து, மழை விட்ட பிறகு, கடலூர்ப் பகுதியையும் பாகூர்ப் பகுதிக் கிராமங்களையும் சூழ்ந்துகொண்டது. உள்ளூர் மழை அளவை மட்டும் வைத்துத் தரைமட்டம் கணக்கிடும் அறிக்கை இங்கே பயன்படாது. திருவண்ணாமலை மாவட்டத்து அணையின் நீர் எந்த வயல் வழியே எத்தனை மணி நேரத்தில் வந்து சேரும் என்பதையும் அது சொல்ல வேண்டும். உங்கள் நிலத்தில் மோட்டார் கொட்டகைச் சுவரில் வண்டல் கோடு இருந்தால், நில அளவையாளரை வைத்துக் கடல்மட்டத்திலிருந்து அதன் உயரத்தை அளந்து குறித்து வையுங்கள். கட்டடத்தை மேடாக்கிக் கட்டினால் மட்டும் போதாது. அணுகுசாலை மூழ்கினால் டீசல் லாரி வராது, பணி மாற்ற ஆள் வரமாட்டார். இன்னொன்றையும் நீங்கள் கேட்டே ஆக வேண்டும்: ஒன்பது ஏக்கரையும் மண் கொட்டி உயர்த்தினால், அங்கே தேங்கி வடிந்த நீர் பக்கத்து வயலுக்குள் போகும். வாய்க்காலும் வடிகாலும் பழைய அகலத்திலேயே விடப்படும் என்பது வரைபடத்தில் இல்லாவிட்டால் பக்கத்து விவசாயிகளோடு வரும் வழக்கு உங்கள் பெயரில்தான் வரும்.

தண்ணீரைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறேன். 10 மெகாவாட் வெப்பம் முழுவதையும் நீரை ஆவியாக்கியே வெளியேற்றினால், நாளொன்றுக்கு ஏறக்குறைய மூன்றரை லட்சம் லிட்டர் ஆவியாகிப் போகும். உப்புச் சேர்ந்த நீரை அவ்வப்போது வெளியேற்றுவது இதற்கு மேல். ஆழ்துளைக் கிணறுகளை நம்பி நெல் விளையும், கடலோரத்தில் உவர்நீர் உட்புகும் தொல்லையையும் சுமக்கும் ஒரு பகுதியில் இதை நிலத்தடியிலிருந்து எடுப்பது பொறுக்கத்தக்கதல்ல என்பது என் உறுதியான கருத்து. நீரில்லாமல் காற்றாலேயே குளிர்விக்கும் முறை உண்டு; ஆனால் அது கூடுதல் மின்சாரம் கேட்கும். ஆகவே, மின்தேவைக் கணக்கில் ஒன்றும் நீர்த்தேவைக் கணக்கில் வேறொன்றுமாக இரண்டு குளிர்விப்பு முறைகளை அவர்கள் காட்டுகிறார்களா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

அனுமதிகளைப் பொறுத்தவரை, எல்லையின் எந்தப் பக்கம் என்பது எல்லாவற்றையும் மாற்றிவிடும். உங்கள் பக்கத்தில் மின்சாரம் மின்துறையிடம். கட்டணத்தைக் கோவாவுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் உரிய கூட்டு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு இசைவைப் புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம் தருகிறது. கடலூர்ப் பக்கத்தில் இவை முறையே தமிழ்நாடு மின்பகிர்மானக் கழகம், தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆகியவற்றின் கையில் இருக்கின்றன. தமிழக அரசின் 2021-ஆம் ஆண்டுத் தரவு மையக் கொள்கை தரும் சலுகைகள் புதுச்சேரி நிலத்துக்கு வாரா. புதுச்சேரியில் மின்விநியோகத்தைத் தனியார்மயமாக்கும் திட்டம் 2020-இல் அறிவிக்கப்பட்டு, 2022-இல் ஊழியர்களின் வேலைநிறுத்தத்தைச் சந்தித்தது. 30 ஆண்டு ஒப்பந்தம் போடுபவர், நடுவில் மின்சாரம் தருபவரே மாறக்கூடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். நிலம் ஒரு பக்கமும் அணுகுசாலையோ கண்ணாடியிழைக் கேபிளோ மறுபக்கமும் இருந்தால் இரு அரசுகளின் அனுமதியும் தேவைப்படும். நம் பகுதியில் எல்லை வயல்களுக்கு நடுவே வளைந்து நெளிந்து போவதால் இது அடிக்கடி நேர்வதுதான். கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டினால், எந்தப் பக்கமானாலும், மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன் சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டும்.

குத்தகைப் பத்திரத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். அதில் நிலத்தின் உரிமையை அடகு வைக்க நிறுவனத்துக்கு அதிகாரம் தரும் வரி எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று உங்கள் வழக்கறிஞர் வரிவரியாகப் பார்க்கட்டும். குறித்த காலத்துக்குள் மின் ஒப்புதல் வராவிட்டால் ஒப்பந்தம் தானாகவே முடிந்துபோகும் என்றும், முடிவில் டீசல் தொட்டிகளையும் மின்கலன்களையும் அகற்றி மண்ணைச் சோதித்துத் திருப்பித் தருவது அவர்கள் பொறுப்பு என்றும் எழுதிக் கேளுங்கள். இவ்விரண்டுக்கும் இசையாதவரோடு பேச்சைத் தொடர வேண்டாம்.

கேள்வி: நெய்வேலி பக்கத்தில் இருக்கும்போது கடலூர் மாவட்டத்தில் தரவு மையங்களுக்கு மின்சாரம் ஒரு குறையாக இருக்க முடியுமா? அனல்மின் நிலையத்தின் வாசலிலேயே கட்டிக்கொள்ளலாமே!
– நெய்வேலி வாசகர்

பதில்: மின்நிலையம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் மின்சாரம் கைக்கு எட்டிவிடாது. நெய்வேலி நிலையங்களின் மின்சாரம் தென்மாநிலங்களுக்கும் புதுச்சேரிக்கும் ஏற்கெனவே பங்கிடப்பட்டுள்ளது. அது 400, 230 கிலோவோல்ட் தடங்களில் ஏறிப் போகிறது. நிலையத்துக்கு அடுத்த தெருவில் இருப்பவருக்கும் பகிர்மானக் கழகத்தின் துணை மின்நிலையம் வழியாகத்தான் திரும்பி வருகிறது. பசுமை மின்சாரம் வேண்டுவோர் 2022-ஆம் ஆண்டின் திறந்தவெளி அணுகல் விதிகளின்படி, 100 கிலோவாட்டும் அதற்கு மேலும் மின்தேவை உள்ளவர்களாயின், வேறிடத்து சூரிய, காற்றாலை உற்பத்தியாளரிடமிருந்து வாங்கலாம். ஆனால் தடக் கட்டணம், கூடுதல் வரிகள், ஆண்டுதோறும் மாறும் ஒழுங்குமுறை ஆணைகள் ஆகியவற்றைத் தாண்டித்தான் அந்த விலை மலிவா என்று தெரியும். காற்றாலை மின்சாரம் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் பெருகி மற்ற மாதங்களில் வற்றும். தரவு மையத்தின் தேவையோ இரவும் பகலும் ஒரே மட்டத்தில் நிற்கும்.

நெய்வேலியைச் சுற்றி வேறோர் இடர் உண்டு. விருத்தாசலம், குறிஞ்சிப்பாடி, புவனகிரி வட்டங்களில் சுரங்க விரிவாக்கத்துக்காக அறிவிக்கப்பட்ட நிலங்கள் இருக்கின்றன. சர்வே எண் அந்த அறிவிக்கைகளில் வருகிறதா என்று பார்க்காமல் வில்லங்கச் சான்றை மட்டும் நம்பி வாங்குவது ஆபத்து. சுரங்கம் நனையாமல் இருக்க நிலத்தடி நீர் தொடர்ந்து இறைக்கப்படும் பகுதி அது என்பதால், கிணற்று நீர்மட்டத்தின் பல ஆண்டுப் பதிவுகளையும் கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொரு செய்தி மின்துறையில் பணிபுரியும் அன்பர்களுக்குப் பயன்படும். அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் 2024 ஜூலையில் ஓர் உயரழுத்தத் தடத்தில் ஏற்பட்ட பழுதைக் கண்டதும், ஏறத்தாழ 60 தரவு மையங்கள் ஒரே நேரத்தில் தங்கள் சொந்த மின்சாரத்துக்குத் தாவிக்கொண்டன. கட்டமைப்பிலிருந்து 1,500 மெகாவாட் தேவை நொடிகளில் காணாமல் போயிற்று. தரவு மையம் மின்கட்டமைப்பால் பாதிக்கப்படுவது போலவே மின்கட்டமைப்பும் தரவு மையத்தால் பாதிக்கப்படும். ஒப்புதல் தரும் பொறியாளர்கள் இதைக் கேள்வியாகக் கேட்க வேண்டும்.

கேள்வி: பெரிய தரவு மையங்கள் சென்னையிலேயே குவிகின்றன. புதுச்சேரி தொலைவில் இருப்பது ஒரு குறையா?
– முத்தியால்பேட்டை வாசகர்

பதில்: தொலைவு குறையே அல்ல. கண்ணாடியிழையில் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க 5 மைக்ரோ நொடி ஆகும். 150 கிலோமீட்டர் தொலைவுக்குப் போய்வர ஒன்றரை மில்லி நொடி. பங்குச் சந்தை வணிகம் போன்ற சிலவற்றைத் தவிர வேறெவருக்கும் இது உறைக்காது. கடலடிக் கேபிள்கள் சென்னையில் கரையேறுவதும், அங்கிருந்து நமக்கு வரும் இழைகள் ஒரே சாலையோரப் பள்ளத்தில் பதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்பதும்தான் கவலை. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே ஒன்றும், திண்டிவனம் வழியே மற்றொன்றும் என இரண்டு தனித்தனிப் பாதைகளை நிறுவனத்தின் வரைபடத்தில் பாருங்கள்.

கேள்வி: சேதராப்பட்டில் ஒரு பழைய தொழிற்கூடமும், கடலூர் சிப்காட் அருகே ஒரு கொட்டகையும் வாடகைக்குக் கிடைக்கின்றன. 500 கிலோவாட் அளவில் சிறிய தரவு மையம் தொடங்க எண்ணுகிறேன். எது பாதுகாப்பானது?
– புதுச்சேரி வாசகர்

பதில்: இடத்தைப் பார்க்காமல் ஒன்றைத் தேர்ந்து சொல்வது முறையாகாது. ஆனால் இரண்டையும் ஒப்பிடும் வழி இருக்கிறது. முதலாவது காற்று. கடல் உப்பும், வேதித் தொழிற்சாலைப் பகுதிகளில் இருக்கக்கூடிய கந்தக வாயுக்களும் சர்வர் பலகைகளில் உள்ள செம்பையும் வெள்ளியையும் அரிக்கும். ஓராண்டு கழித்துக் காரணம் தெரியாமல் கருவிகள் செத்துக்கொண்டே வரும்போதுதான் பலர் இதை உணர்கிறார்கள். மெருகேற்றிய செம்பு, வெள்ளித் தகடுகளை இரண்டு கட்டடங்களுக்குள்ளும் ஒரு மாதம் தொங்கவிட்டுச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புங்கள். மாதத்துக்குப் படியும் அரிமானப் படலம் செம்பின் மேல் 300 ஆங்ஸ்ட்ராமுக்கும் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு), வெள்ளியின் மேல் 200 ஆங்ஸ்ட்ராமுக்கும் கீழே இருந்தால் அந்த அறை மின்னணுக் கருவிகளுக்கு ஏற்றது. காற்று வீசும் திசை பருவத்துக்குப் பருவம் மாறுவதால், கோடையில் ஒரு முறையும் வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு ஒரு முறையும் இதைச் செய்வது நல்லது.

இரண்டாவது, புயலுக்குப் பின் வரும் நாட்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது, மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்ததை நம் வாசகர்களில் பலர் நேரில் பட்டவர்கள். உங்கள் சுமையும் குளிர்விப்பும் சேர்ந்து 700 கிலோவாட் என்று கொண்டால், ஜெனரேட்டர் ஒரு லிட்டர் டீசலுக்கு ஏறத்தாழ நான்கு யூனிட் தரும் கணக்கில் நாளொன்றுக்கு 4,200 லிட்டர் தேவை. இரண்டு நாளுக்கென்று சேமித்தால் மூன்றாம் நாள் லாரி வந்தாக வேண்டும். மரங்கள் விழுந்த சாலையில் அது வராது. குறைந்தது நான்கு நாளுக்குச் சேமிக்கவும், அதற்குரிய பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் பெறவும் எந்த வளாகத்தில் இடம் இருக்கிறதோ, அதற்கு முன்னுரிமை தாருங்கள். 2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது, ஒரு கட்டடத்தின் ஜெனரேட்டர்கள் மாடியில் பத்திரமாக இருந்தும் டீசல் ஏற்றும் பம்பு அடித்தளத்தில் மூழ்கியதால், ஊழியர்கள் 17 மாடிகளுக்கு டீசலை வாளிகளில் சுமந்தார்கள். ஆகவே கொட்டகையைப் பார்க்கப் போகும்போது ஜெனரேட்டரை மட்டும் பார்த்துத் திரும்பாமல், தொட்டி, பம்பு, அதன் மின்பலகை, மின்கலன் அறை ஆகிய நான்கும் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பதைக் கட்டட உரிமையாளரின் முன்னிலையில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் அந்த உயரங்களும், அவற்றை உயர்த்தும் செலவு யாருடையது என்பதும் இடம்பெற வேண்டும்.