சிஆர்பி 180 என்றால் நிமோனியா முற்றிவிட்டது என்று அர்த்தமா?

அம்மாவுக்கு நிமோனியா, சிஆர்பி (அழற்சியைக் காட்டும் ரத்தப் புரதம்) 180 வந்திருக்கிறது, தீவிரத்தை எந்த ரத்தப் பரிசோதனை சொல்லும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன், அப்பாவின் நிமோனியாவின்போது இதே எண்ணைப் பார்த்துத் தூக்கம் தொலைத்தவன்.

முதலில் அலகைப் பாருங்கள். சில ஆய்வகங்கள் சிஆர்பியை லிட்டருக்கு மில்லிகிராமில் தரும், சில டெசிலிட்டருக்கு. லிட்டருக்கு 180 என்பதும் டெசிலிட்டருக்கு 18 என்பதும் ஒன்றுதான். இரண்டு இடத்தில் எடுத்த அறிக்கைகளைப் பக்கத்தில் வைத்து, "பத்து மடங்கு குறைந்துவிட்டது" என்று சந்தோஷப்பட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

சிஆர்பிக்கும் நிமோனியாவுக்கும் பழைய உறவு. 1930இல் நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் நிமோனியா வந்தவர்களின் ரத்தத்தில்தான் இந்தப் புரதத்தை முதன்முதலில் கண்டுபிடித்தார்கள். உடம்பில் அழற்சி கிளம்பினால் கல்லீரல் இதைக் கொட்டும். லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டினால், இருமலும் காய்ச்சலும் உள்ளவருக்கு பாக்டீரியா நிமோனியாவாக இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் 200 உள்ளவர் 100 உள்ளவரைவிட இரண்டு மடங்கு ஆபத்தில் இருக்கிறார் என்று கணக்குப் போட முடியாது. அப்பாவுக்கு 210. எழுந்து உட்கார்ந்து என்னோடு சண்டை போட்டார். அடுத்த படுக்கைக்காரருக்கு வெறும் 70தான், அன்று இரவே ஐசியுவுக்குக் கொண்டுபோனார்கள்.

அந்த அடுத்த படுக்கைக்காரரின் அறிக்கையில் கவனிக்க வேண்டியதாக இருந்தது யூரியா. யாரும் பெரிதாக மதிக்காத, விலை குறைந்த பரிசோதனை! மருத்துவர்கள் நிமோனியாவின் தீவிரத்தை எடைபோடும் கர்ப்-65 என்ற மதிப்பெண் முறையில் ஐந்து விஷயங்கள் உண்டு: மனக்குழப்பம், கூடிய யூரியா, மூச்சு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல், குறைந்த ரத்த அழுத்தம், வயது 65 அல்லது அதற்கு மேல். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். மூன்றும் அதற்கு மேலும் என்றால் கடுமையான நிமோனியா. ஐந்தில் ரத்தப் பரிசோதனை ஒன்றே ஒன்று, அதுவும் யூரியா. சிஆர்பிக்கு அதில் இடமே இல்லை. நீர்ச்சத்து குறைந்து, ரத்த அழுத்தம் தளர்ந்து, சிறுநீரகத்துக்குப் போதுமான ரத்தம் போகாதபோது யூரியா ஏறுகிறது. அதாவது, நோய் நுரையீரலைத் தாண்டி உடம்பை அசைக்க ஆரம்பித்திருக்கலாம். வரம்பு லிட்டருக்கு 7 மில்லிமோல், அதைத் தாண்டினால்தான் மதிப்பெண். பிளட் யூரியா என்று போட்டிருந்தால் டெசிலிட்டருக்கு சுமார் 42 மில்லிகிராம், பியுஎன் (யூரியாவில் உள்ள நைட்ரஜனை மட்டும் அளப்பது) என்றால் சுமார் 20. ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு இந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது.

லாக்டேட் என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை ஏறுவதும் நல்லதல்ல, திசுக்களுக்கு ரத்தமும் ஆக்சிஜனும் போதவில்லையோ என்று யோசிக்க வைக்கும். வெள்ளணுக்கள் கூடினால் எல்லோரும் பயப்படுகிறார்கள். எனக்கு 4,000க்குக் கீழே இறங்கினால்தான் பயம். தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழே போவதும் அப்படித்தான்.

அப்புறம் ப்ரோகால்சிடோனின் என்ற ரத்தப் பரிசோதனை. பாக்டீரியா தொற்றில் ஏறும், வைரஸில் பெரும்பாலும் அவ்வளவு ஏறாது. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் நிமோனியா உறுதியானபின் இது குறைவாக இருக்கிறது என்பதற்காக ஆன்டிபயாடிக்கைத் தொடங்காமல் இருக்கக்கூடாது என்றே 2019ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டுதல் சொல்கிறது. மருந்தை எப்போது நிறுத்தலாம் என்று முடிவெடுக்கத்தான் அதிகம் உதவும்.

சிஆர்பி வீண் என்று சொல்லவில்லை. ஒரு நாள் எண்ணைவிட அது போகும் திசை முக்கியம். உச்சம் தொட சுமார் இரண்டு நாள் ஆகும் என்பதால், மருந்து தொடங்கிய மறுநாளும் ஏறலாம். அப்பாவுக்கு 210 என்பது 235 ஆனது, எனக்குக் கை நடுங்கியது. நான்காம் நாள் 90. மூன்று நான்கு நாளாகியும் பாதியாகக்கூட இறங்கவில்லை என்றால், மருந்து பிடிக்கவில்லையா, நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டியிருக்கிறதா என்று மருத்துவர்கள் தேடுவார்கள்.

உங்கள் அம்மாவுக்கு இப்போதே நீங்கள் செய்யக்கூடியது: அவருக்குத் தெரியாமல் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள், ஆக்சிஜன் அளவைப் பாருங்கள், பேச்சில் தடுமாற்றம் இருக்கிறதா என்று கவனியுங்கள். இதில் எது சரியில்லை என்றாலும் அறிக்கைக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அப்பாவை வீட்டுக்கு அனுப்பிய அன்று சிஆர்பி 38. நார்மல் ஆகட்டுமே டாக்டர் என்றேன். "நடக்கிறார், சாப்பிடுகிறார், ஆக்சிஜன் 96. கூட்டிக்கொண்டு போங்கள்" என்றார்.