தரிப்பிடத் துண்டும் தண்டத் தாளும்: எதற்கு ஓட வேண்டும், எதற்குத் தேவையில்லை

கேள்வி: ஐயா, நான் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் இருக்கிறேன். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போன அன்று காரை வெளியே வீதியோரம் விட்டேன். ஒரு பெடியன் வந்து தரிப்பிடக் கட்டணம் என்று துண்டு எழுதிக் கண்ணாடியில் செருகினான். சில்லறை இல்லை, திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். வந்து பார்த்தால் பெடியனைக் காணவில்லை; பொலிஸ்காரர் நின்றார். நிறுத்தக்கூடாத இடம் என்று தண்டத் தாள் எழுதி லைசன்ஸை வாங்கிவிட்டார். அம்மா வார்ட்டில் இருந்தபடியால் இரண்டையும் கட்டவில்லை. இன்றைக்கு 17 நாள். தெரிந்த ஒருவர், “இரண்டையும் மாநகர சபையில் சொல்லி முடித்துத் தருகிறேன், 8000 ரூபா தாருங்கள். இல்லாவிட்டால் வீட்டுச் சோலைவரியோடு சேர்த்துவிடுவார்கள், காருக்கு வருடாவருடம் எடுக்கிற வருமான அனுமதிப்பத்திரமும் எடுக்கேலாது” என்கிறார். தாளையும் என் அடையாள அட்டையையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னார், அனுப்பிவிட்டேன். கார் கனடாவில் இருக்கும் அண்ணாவின் பெயரில் இருக்கிறது. நல்லூர்த் திருவிழாவுக்கு அவர் வருகிறார். விமான நிலையத்தில் மறிப்பார்களா?

பதில்: பிள்ளை, அந்த 8000 ரூபாவைக் கொடுக்காதீர்கள். மிச்சத்தை ஆறுதலாகப் பார்ப்போம்.

உங்கள் கையில் இருக்கும் இரண்டு கடதாசியும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. எந்தத் தாள் கிடைத்தாலும் அதில் என்ன தொகை என்று பார்ப்பதற்கு முன்னர் யார் எழுதியது என்று பாருங்கள். பெடியன் தந்தது கட்டணத் துண்டு. பொலிஸ்காரர் தந்தது தண்டம். முதலாவது மாநகர சபையின் குத்தகைக்காரருக்குப் போகிற காசு, அதுவும் அவர் உண்மையான குத்தகைக்காரராக இருந்தால். இரண்டாவது மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் பொலிஸார் எழுதியது. மாநகர சபையில் அதைக் கட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது, கிழிக்கவும் முடியாது. “இரண்டையும் சபையில் முடித்துத் தருகிறேன்” என்று ஒருவர் சொன்ன உடனேயே அந்த ஆளுக்கு ஒன்றில் விஷயம் தெரியாது, அல்லது நன்றாகத் தெரியும். எனக்கென்றால் இரண்டாவதுதான் என்று படுகிறது.

அவசரமானது பொலிஸ் தாள். எழுதிய நாளிலிருந்து 14 நாளுக்குள் தபாலகத்தில் கட்டினால் தாளில் உள்ள தொகை. 14 தாண்டினால் இரட்டிப்பு. 28 தாண்டினால் தபாலகத்தில் வாங்கமாட்டார்கள். விஷயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போய்விடும். நீங்கள் எழுதியது 17ஆம் நாள். இதை வாசிக்கும்போது 20ஐத் தாண்டியிருக்கும். தாளின் இரண்டு பிரதியையும் எடுத்துக்கொண்டு தபாலகத்துக்குப் போய் இரட்டிப்புத் தொகையைக் கட்டி, முத்திரை குத்திய பற்றுச்சீட்டை வாங்குங்கள். அதைக் கொண்டுபோய் தாள் எழுதிய பொலிஸ் நிலையத்தின் போக்குவரத்துப் பிரிவில் காட்டினால் லைசன்ஸைத் தருவார்கள். அவ்வளவுதான். இதில் நடுவில் யாருக்கும் வேலை இல்லை. 2025இலிருந்து கவ்பே என்ற இணைய வழியிலும் தண்டம் கட்டும் ஏற்பாட்டைக் கட்டம் கட்டமாக விரித்து வருகிறார்கள். உங்கள் தாளுக்கு அது பொருந்துமா என்று அதே பொலிஸ் நிலையத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இரட்டிப்பு நாளில் நிற்பவர் கைத்தொலைபேசியில் பரிசோதனை செய்துகொண்டிருக்க வேண்டாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். அந்தத் தாள்தான் 14 நாளைக்கு உங்கள் தற்காலிக லைசன்ஸ். அது முடிந்துவிட்டது. அதாவது இப்போது நீங்கள் கார் ஓடினால் லைசன்ஸ் இல்லாமல் ஓடுவதாகத்தான் கணக்கு. தரிப்பிடத் தண்டம் கட்டக் காரில் போய் அதைவிடப் பெரிய தண்டத்தோடு திரும்பியவர்கள் இருக்கிறார்கள். ஓட்டோ பிடியுங்கள்.

28 தாண்டிவிட்டால்? பயப்பட ஒன்றுமில்லை, அலைச்சல்தான் கூட. அழைப்பாணை வரும், அல்லது பொலிஸ் நிலையத்தில் திகதி சொல்வார்கள். அன்றைக்கு நீதிமன்றத்துக்குப் போய்ப் பெயர் கூப்பிடும்போது முன்னால் வந்து குற்றத்தை ஒத்துக்கொண்டால் நீதவான் தண்டத்தைச் சொல்வார், கட்டிவிட்டு வரலாம். காரை ஓரத்தில் விட்ட வழக்குக்குச் சட்டத்தரணி பிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. போகாமல் விட்டால்தான் சிக்கல்: பிடியாணை. நம்முடைய ஆட்கள் தண்டத்துக்கு அழுவார்கள், திகதிக்குப் போகமாட்டார்கள்.

இனிப் பெடியனின் துண்டு. “சபைக்குக் காசு கொடுத்தால் அங்கே விடலாம்தானே, பிறகு ஏன் பொலிஸ்?” என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் மனதுக்குள் அதுதான் ஓடியிருக்கும். நியாயமான கேள்வி. பதில் நியாயமாக இல்லை. சபை தன் தரிப்பிடங்களைக் கேள்விமனு கோரிக் குத்தகைக்குக் கொடுக்கிறது. குத்தகைக்காரருக்குக் கொடுத்த எல்லை இன்ன இடத்திலிருந்து இன்ன இடம் வரை என்று ஒப்பந்தத்தில் இருக்கும். அவர் சம்பளத்துக்கு வைத்த பெடியனுக்கு அந்த எல்லை தெரியாது. ஒரு கார் நின்றால் ஒரு துண்டு, அதுதான் அவனுக்குத் தெரிந்த கணக்கு. எல்லைக்கு வெளியே, மஞ்சள் கடவைக்குக் கிட்ட, பேருந்து நிற்கும் இடத்தில் நின்றால்கூட அவன் துண்டு எழுதுவான். பொலிஸாருக்கு அந்தத் துண்டு வெறும் கடதாசி. கட்டணம் கட்டியிருந்தாலும் தண்டம் தண்டம்தான். வீதியே சபையினுடையதா என்பதும் இன்னொரு கதை: கண்டி வீதி போன்ற பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையினுடையவை, வேறு சில மாகாணத் திணைக்களத்தினுடையவை, உள்வீதிகள்தான் சபையினுடையவை. ஒரே தாரில் மூன்று கந்தோர். வாகனம் விடுகிற மனிதர் எந்தக் கந்தோரின் தாரில் நிற்கிறார் என்று குனிந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா?

துண்டை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். சபையின் பெயரும் இலச்சினையும், தொடரிலக்கம், திகதி, வாகன வகை, தொகை, குத்தகைக்காரரின் பெயர் அல்லது முத்திரை: இவ்வளவும் இருக்க வேண்டும். “வாகனத் தரிப்பிடம்” என்று மட்டும் அடித்த, தொகை பேனையால் எழுதிய துண்டு என்றால் அதைச் சபைத் துண்டாக மதிக்க வேண்டாம். பக்கத்து வளவுக்காரர் ஒருவர் நடத்தும் வாகனப் பாதுகாப்பு நிலையத்தின் துண்டாகக்கூட இருக்கலாம். உண்மையான துண்டு என்றால் அந்தத் தொகையைக் கொடுத்துவிடுங்கள், அது சிறு காசு. குத்தகைக்காரர் கட்டணம்தான் கேட்கலாம். தன் பாட்டில் தண்டம் போட அவருக்கு உரிமை இல்லை. சாவியை வாங்கி வைக்கவும், லைசன்ஸைக் கேட்கவும், டயருக்குச் சங்கிலி போடவும் இந்தப் பெடியன்கள் பொலிஸ் இல்லை. அப்படிச் செய்தால் படம் எடுத்து, துண்டின் இலக்கத்தோடு மாநகர ஆணையாளருக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். திகதி முத்திரை குத்திய பிரதி ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும்.

சோலைவரியோடு சேர்ப்பார்கள் என்பது சுத்தப் பூச்சாண்டி. சோலைவரி உங்கள் காணிக்கும் வீட்டுக்கும் உரியது. அதைக் கட்டாமல் விட்டால் சபை அசையும் சொத்தைக் கைப்பற்றும் அளவுக்குச் சட்டத்தில் அதிகாரம் இருக்கிறது, அதனால்தான் அந்தப் பெயரைச் சொல்லி வெருட்டுகிறார்கள். தரிப்பிடக் கட்டணத்தை அதில் சேர்க்க வழியில்லை. (சோலைவரி என்றதும் ஞாபகம் வருகிறது: முழு வருடத்துக்கும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 வீதம் கழிவு. அதை விட்டுவிட்டு டிசம்பரில் வரிசையில் நிற்கிற சனம்தான் எனக்குக் கூடுதலாகக் கடிதம் எழுதுகிறது.) வருமான அனுமதிப்பத்திரத்தைப் பிரதேச செயலகத்தில் எடுக்கிறீர்கள், அங்கே பார்ப்பது காப்புறுதியையும் புகைப் பரிசோதனைச் சான்றையும். பெடியனின் துண்டு அந்த மேசைக்கே வராது.

சபை தண்டம் போடவே முடியாதா என்றால், முடியும், ஆனால் சுற்று வழி. மாநகர சபைகள் கட்டளைச் சட்டம், 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கம், சபைக்கு உபவிதி, அதாவது தன் எல்லைக்குள் செல்லும் சிறு சட்டம், ஆக்கும் அதிகாரத்தைத் தருகிறது. சபையில் தீர்மானம் நிறைவேற வேண்டும், மாகாணத்தில் உள்ளூராட்சிக்குப் பொறுப்பான அமைச்சரின் அனுமதி வேண்டும், வர்த்தமானியில் வர வேண்டும். அதற்குப் பிறகு மீறினவர் மீது நீதவான் நீதிமன்றத்தில் வழக்கு வைத்துத்தான் தண்டம் வாங்கலாம். சபைக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் எழும்பி “இனி இந்த வீதியில் வாகனம் விட்டால் தண்டம்” என்று சொல்ல, அடுத்தநாள் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வர, மூன்றாம் நாள் ஒரு பலகை நட்டுவிடுவார்கள். வர்த்தமானி இல்லாத பலகை பெயின்ற் பூசிய தகரம். 

இந்த மாகாணத்தில் அந்த அமைச்சர் எங்கே? வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லை, ஆளுநரிடம்தான் எல்லாம். மாநகர சபையும் 2023 மார்ச்சில் கலைந்து, 2025 மே மாதத் தேர்தல் வரை ஆணையாளரின் கையில் ஓடியது. எவரைத் தெரிவு செய்து எதைக் கேட்பது? அதிகாரம் என்ன, எல்லை என்ன என்று யாரும் தெளிவாகச் சொல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை 2021 ஏப்ரலில் பார்த்தோம். நகரத்தில் குப்பை கொட்டுவோரைக் கட்டுப்படுத்தச் சபை ஒரு சிறு குழுவை இறக்கியது. அவர்களின் சீருடை நிறம் விடுதலைப் புலிகளின் காவல்துறையினுடையதைப் போல இருக்கிறது என்று சொல்லி அப்போதைய மாநகர முதல்வர் மணிவண்ணனைப் பயங்கரவாத விசாரணைப் பிரிவினர் கைது செய்தார்கள். பிறகு பிணையில் வந்தார். ஊர் முழுக்கச் சட்டையின் நிறத்தைப் பற்றிக் கதைத்தது. அந்தக் குழு எந்த உபவிதியின் கீழ் தண்டம் அறவிடும் என்று கேட்டவர்கள் கொஞ்சப் பேர்தான்.

நீங்கள் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், “இந்த இடம் தரிப்பிடக் குத்தகைக்குள் அடங்குமா, குத்தகைக்காரர் யார், கட்டணம் எவ்வளவு, எந்த வர்த்தமானி?” என்று நாலு வரி எழுதிச் சபையின் தகவல் அலுவலரிடம் கொடுங்கள். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். இலங்கைப் பிரஜை கேட்க வேண்டும், ஆகவே அண்ணாவை விட்டுவிட்டு நீங்களே எழுதுங்கள்.

நல்லூர்த் திருவிழா நாட்களுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு வருடமும் வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளைகள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். 25 நாள் திருவிழா. கோயிலைச் சுற்றி வீதித்தடை போட்டுவிடுவார்கள். தடைக்கு உள்ளே குடியிருப்பவர்கள் வாகனம் கொண்டுபோக மாநகர சபையில் அனுமதி அட்டை எடுக்க வேண்டும். சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறேன் என்று தடையில் நின்று சொன்னால் காது கொடுக்கமாட்டார்கள். தடைக்கு வெளியே வீட்டு வளவுகள் எல்லாம் வாகனப் பாதுகாப்பு நிலையமாக மாறும். அவற்றுக்குச் சைக்கிளுக்கு இவ்வளவு, மோட்டார் சைக்கிளுக்கு இவ்வளவு, காருக்கு இவ்வளவு என்று சபை கட்டணம் நிர்ணயிக்கும். அந்த விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு வாகனத்தை உள்ளே விடுங்கள். தேர், தீர்த்தம் அன்று மாலையில் பட்டியல் எங்கேயோ மறைந்துவிடும், வாயால் சொல்வதுதான் விலை. அப்போதும் துண்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்: துண்டில் இலக்கம் இருந்தால் கூடுதலாக வாங்கியதைச் சபையில் சொல்லலாம், வாகனத்தில் கீறல் விழுந்தாலும் கேட்கலாம். துண்டு தராத வளவில் விடாதீர்கள். வழமையான குத்தகைப் பெடியன் அந்த நாட்களில் தடைக்குக் கிட்ட நின்று துண்டு எழுதினால், எந்த அனுமதியில் என்று கேளுங்கள்.

அண்ணாவை விமான நிலையத்தில் யாரும் மறிக்கமாட்டார்கள். பயணத்தடை என்பது நீதிமன்றம் போடும் உத்தரவு. தண்டத் தாள் காரை ஓடின ஆளின் பெயரில், அதாவது உங்கள் பெயரில் இருக்கிறது. கார் யாரிடம் இருந்தது என்று பொலிஸ் கேட்டால் உரிமையாளர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவருடைய கடமை. அவர் மாட்டுவதென்றால் வேறு இடத்தில்தான்: கனடா லைசன்ஸை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே கார் ஓட முடியாது. தற்காலிக அனுமதி எடுத்துவிட்டுச் சாவியைத் தொடச் சொல்லுங்கள்.

கடைசியாக அந்தத் தெரிந்தவர். பிரதேச செயலக வாசலிலும் நீதிமன்ற மதிலோரமும் இப்படி ஆட்கள் நிற்பார்கள். உள்ளே இருக்கிற லிகிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், அதைப் பார்த்து நாங்கள் நம்பிவிடுவோம். அநேகமாக அவர் செய்வது இதுதான்: உங்கள் தாளைத் தபாலகத்தில் தானே கட்டுவார், பற்றுச்சீட்டைக் காட்டி “முடித்துவிட்டேன்” என்பார், மிச்சம் அவருடைய பொக்கற்றில். மோசமானவர் என்றால் அதையும் கட்டமாட்டார், 28ஆம் நாள் போய்விடும், நீங்கள் நீதிமன்றத்தில் நிற்பீர்கள். உண்மையிலேயே உத்தியோகத்தர் ஒருவருக்குக் காசு போகிறது என்றால் இன்னும் மோசம். இலஞ்சம் கொடுத்தவரும் குற்றவாளிதான். தாளின் மூலப் பிரதியை அந்த ஆள் வாங்கிவிட்டாரா என்று நீங்கள் எழுதவில்லை. வாங்கியிருந்தால் இன்றைக்கே திருப்பி எடுங்கள், அது இல்லாமல் தபாலகத்தில் கட்ட முடியாது. தரமாட்டேன் என்றால் தாள் எழுதிய பொலிஸ் நிலையத்துக்கே போய்ச் சொல்லுங்கள். அவர்களிடம் அதன் பிரதி இருக்கும். காசு கேட்டு வந்த வாட்ஸ்அப் செய்திகளை அழிக்க வேண்டாம். உங்கள் அடையாள அட்டைப் படத்தை வைத்து ஏதும் விளையாடினாலோ, கந்தோரில் இன்னாருக்குக் கொடுக்க வேண்டும் என்று பெயர் சொன்னாலோ இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954.